வாத்து பாக்கப் போயி கொக்கு பாத்துட்டு வந்த கத

மொதல்லயே சொல்லிடறேன், நான் திருநெல்வேலி பக்கம் இருக்கிற கூந்தன்குளம் பறவை சரணாலயத்துக்குப் போனது வரித்தலை வாத்து பாக்கத்தான். மங்கோலியா, திபெத் பக்கத்துல இருந்து இமயமலையத் தாண்டி வர்ற வாத்து, வெள்ளத் தலைல பின்பக்கமா ரெண்டு கருப்புப் பட்டை, அது நான் இதுவரைக்கும் பாத்த பறவைங்க லிஸ்ட்ல இல்ல, எங்க தெருவுல பத்தாவது படிக்கிற ஒரு பையன் லிஸ்ட்ல இருக்கு. அந்த வயித்தெரிச்சல்ல டிக்கெட் போட்டதுதான், இயற்கை மேல பாசம் எல்லாம் அப்புறமா வந்தது.

பிப்ரவரி நடுவுல நாலு நாள் உலகம் பூரா வீட்டுப் பக்கத்துப் பறவைகள எண்ணுவாங்க இல்லையா, அமெரிக்கா பக்கம் 1998ல ஆரம்பிச்சு 2013ல நம்ம நாட்டுக்கும் வந்தது, அதே நேரமா பாத்து கெளம்பினேன். கொறஞ்சது 15 நிமிஷம் ஒரு எடத்துல இருந்து பாத்தத எல்லாம் எண்ணி ஈபேர்ட்னு பறவை பாக்குறவங்க லிஸ்ட் போடுற வெப்சைட்ல ஏத்தணும், அவ்ளோதான் ரூல்ஸ். மாமா வீடு நாங்குநேரி பக்கம், அதனால மொத லிஸ்ட் அவங்க புறவாசல்ல, அப்புறம் கொளம்னு பிளான்.

காலைல ஆறு மணி, அத்தை குடுத்த காப்பியோட புறவாசல் படில உக்காந்தா முருங்கைப் பூவுல தேன்சிட்டு. தேன்சிட்டுன்னு ஒரே பேர்ல எழுதிட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி, நானும் ரொம்ப நாள் அப்படித்தான். ஆணு முழுசா கருநீலமா மினுங்குச்சுன்னா ஊதாத் தேன்சிட்டு, வயிறு மஞ்சளா இருந்து நெஞ்சுல அரக்குப் பட்டை இருந்தா ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. இதுல ஒரு வில்லங்கம் என்னன்னா சீசன் முடிஞ்சதும் அந்த கருநீல ஆணும் பொட்ட மாதிரி மஞ்சளா மாறிடும், தொண்டைல இருந்து வயிறு வரைக்கும் ஒரு கருப்புக் கோடு மட்டும்தான் மிஞ்சும். அந்தக் கோட்டப் பாத்துட்டு புதுசா ஏதோ கண்டுபிடிச்சிட்டேன்னு குரூப்ல போட்டோ போட்டு அசிங்கப்பட்டது தனிக் கத.

சரி, விஷயத்துக்கு வரேன். தவிட்டுக்குருவி ஏழெட்டு கீழ சருகப் பெரட்டிட்டு இருந்துச்சுங்க, அந்த வெளிறிப்போன கண்ணு இருக்கே, எப்பவும் யார் மேலயோ கோவமா இருக்கிற மாதிரியே முறைக்கும். திடீர்னு எல்லாம் கூட்டமா வேப்பமரத்துக்கு ஏறி ஒரே கூச்சல். பாத்தா நடுக்கெளைல ஒரு பறவை, மேல சாம்பல், நெஞ்சு பழுப்பா வரிவரியா, வால்ல பட்டை. எனக்கு கை நடுங்குது. "மச்சான், வல்லூறு!"

மாமா பையன் பறவை எல்லாம் பாக்குற ஆளே இல்ல, செல்போன ஜூம் பண்ணி ஒரு படம் எடுத்துட்டு நிதானமா கேட்டான். "வல்லூறுன்னா கறி கிழிக்கிற மூக்குல்லா இருக்கணும், இது என்ன மச்சான் குயில் மூக்கு மாதிரி இருக்கு?"

நான் பைனாகுலர மறுபடி வச்சுப் பாத்தேன். கொக்கி இல்ல. நேரா, மெலிசா ஒரு மூக்கு, கண்ணச் சுத்தி மஞ்ச வளையம், ரெக்கை ரெண்டும் தளர்வாத் தொங்குது. வல்லூறு அப்படி ஒக்காராது, வெறைப்பா நிமிந்து ஒக்காரும். இது அக்காக்குயில். பாக்க வல்லூறு மாதிரியே இருக்கும், பறக்குறதும் அதே மாதிரி, சின்னக் குருவிங்க எல்லாம் பதறும், ஆனா இது பண்ற வேலை வேற, தவிட்டுக்குருவிக் கூட்டுல முட்டைய வச்சுட்டுப் போயிடும், வளக்குறது அதுங்க தலைல. அந்தக் கூச்சல் ஏன்னு அப்பத்தான் ஒறைச்சது. அதோட இன்னொண்ணும் ஒறைச்சது, ரெண்டு வருசத்துக்கு முன்னால எங்க மொட்டமாடில இருந்து பாத்ததா ஒரு வல்லூறு போட்டிருந்தேனே, அது என்னவா இருந்திருக்கும்? வாயத் தொறக்காம பைக்ல ஏறிட்டேன்.

மூலைக்கரைப்பட்டி பக்கமா போற ரோடு, கரண்ட் கம்பி பூரா கரிச்சான், நடுநடுவுல பனங்காடை. ஒக்காந்திருக்கும்போது மங்கலாத்தான் இருக்கும், பறந்துச்சுன்னா ரெக்கைல அந்த நீலம், மச்சான் வண்டிய ஆஃப் பண்ணிட்டுப் பாத்தான். தண்ணியே இல்லாத தோட்டத்துல ஒரு வெண்மார்பு மீன்கொத்தி ஒக்காந்திருந்துச்சு, பேர்ல மீன் இருந்தாலும் அதுக்கு வெட்டுக்கிளி, ஓணான் எல்லாம் ஓகேதான்.

கூந்தன்குளம் 1994ல சரணாலயம் ஆச்சு, கிட்டத்தட்ட 130 ஹெக்டேர், இப்ப உலக அளவுல முக்கியமான நீர்நிலைங்களோட ராம்சார் லிஸ்ட்லயும் இருக்கு. ஆனா அங்க போனா மொதல்ல தெரியிறது கொளம் இல்ல, ஊரு. வீட்டுக் கொல்லைல நிக்கிற வேம்பு, புளி எல்லாத்துலயும் மஞ்ச மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டி நிக்குது. நாம புறவாசல்ல தேன்சிட்டு எண்ணுறோம், இங்க புறவாசல்ல கூழைக்கடா! தரை பூரா வெள்ளையா எச்சம், கருவாட்டுக் கடைக்குள்ள போன மாதிரி நெடி. ஒரு நாரை குச்சியோட வந்து எறங்குறப்ப முதுகுப் பக்கம் அந்த ரோஸ் கலர் எறகு விரிஞ்சது, ஃபோட்டோல பாக்குற ரோஸ் வேற, நேர்ல வேற.

மரத்தடில நின்னு அண்ணாந்து பாத்துட்டு இருந்தேன். அந்த வீட்டு ஆச்சி திண்ணைல இருந்தே சொன்னாங்க, "தம்பி, வாயத் தொறந்துகிட்டு மேல பாக்காதிய, வுழுந்துரும்."

இவ்வளவு நெடில எப்படி ஆச்சி இருக்கீங்க, வெரட்ட மாட்டீங்களான்னு கேட்டேன். "நாத்தம் என்ன நாத்தம், குஞ்சு பொரிக்கட்டும், ராத்திரி பூரா கத்தும், ஒறக்கமே கெடையாது. வெரட்டவா? இதுவ வராத வருசம் கொளம் காஞ்சி கெடந்த வருசம்லா, வந்தத எப்பிடி வெரட்ட?" தீவாளிக்கு அந்த ஊர்ல வெடி போட மாட்டாங்க, எச்சம் கலந்த கொளத்து மண்ண வயலுக்கு எருவா அடிக்கிறாங்க.

கொளத்துக்கரைல வாத்து கெடச்சுது. ராத்திரி வயல்ல மேஞ்சுட்டு பகல்ல தண்ணி ஓரமா ரெஸ்ட் எடுக்கும், அதனால தூரத்துல ஒரு கும்பலா சாம்பல் கல்லு மாதிரி கெடந்துச்சுங்க. ஒண்ணு தலையத் தூக்குச்சு, ரெண்டு பட்டை, முடிஞ்சது. இவ்வளவு தூரம் வந்ததுக்கு ரெண்டு நிமிஷ சந்தோஷம், அதுக்கப்புறம் அதுங்க தூங்குது, நான் என்ன பண்ண.

சும்மா இருக்கக் கூடாதுன்னு கிட்டக்க நின்ன கொக்குங்கள எண்ண ஆரம்பிச்சேன், அங்கதான் மாட்டினேன். எல்லாம் வெள்ளை. ஒண்ணு ஒத்தக் கால சேத்துல ஆட்டி ஆட்டி மீனக் கெளப்புது, காலு கருப்பு, பாதம் மட்டும் மஞ்ச செருப்பு போட்ட மாதிரி, அலகு கருப்பு, அது சின்னக் கொக்கு. கரைல மாட்டுக் கால் பக்கத்துலயே நடக்குறது, கட்டையா மஞ்ச அலகு, உண்ணிக்கொக்கு. ரெண்டும் சுலபம். மிச்சம் இருக்கிறது நடுத்தரக் கொக்கும் பெரிய கொக்கும், பக்கத்துல பக்கத்துல நின்னா ஒசரம் சொல்லிடும், தனியா நின்னா சத்தியமா கொழப்பும். அலகு கலர நம்பவே முடியாது, கூடு கட்டுற சீசன்ல மஞ்ச அலகு கருப்பாயிடும். வாய்க்கோடுதான் பாக்கணும், வாய் கிழிஞ்சிருக்கிற கோடு கண்ணுக்கு நேர் கீழயே நின்னா நடுத்தரம், கண்ணத் தாண்டிப் பின்னால போனா பெரிசு. ஒரே ஒரு கொக்கு வாயப் பாக்க நான் இருவது நிமிஷம் குத்த வச்சு ஒக்காந்தேன், அது தலையத் திருப்பவே மாட்டேங்குது, திருப்பினா தண்ணி பளபளன்னு கண்ணு கூசுது. கடைசில திரும்புச்சு, கோடு கண்ணத் தாண்டி நீட்டா போகுது, பெரிய கொக்கு! வாத்துக்கு வராத சிரிப்பு இதுக்கு வந்துச்சு, மச்சான் என்ன ஒரு மாதிரியா பாத்தான்.

திரும்புற ரயில்ல பழைய லிஸ்ட் எல்லாம் தொறந்தேன். "வெண்கொக்கு 12", "வெண்கொக்கு 30"ன்னு அள்ளிவிட்டிருக்கேன், எது எதுன்னு இனிமே யாருக்கும் தெரியாது. அப்புறம் அந்த மொட்டமாடி வல்லூறு ஃபோட்டோ. பெருசு பண்ணினேன். நேரா, மெலிசா ஒரு மூக்கு, மஞ்ச வளையம்.

வாத்து ஒண்ணு ஏறிச்சு, வல்லூறு ஒண்ணு எறங்கிடுச்சு. அந்தப் பையன் லிஸ்ட்லயும் ஒரு வல்லூறு இருக்கு, எங்க மொட்டமாடில என் பக்கத்துல நின்னு, நான் சொன்னேன்னு போட்டது. அவன்கிட்ட இன்னும் சொல்லல.