41-உம் 47-உம்: ஒரு கன்டெய்னர் சீலால் இழந்த கப்பல்

ஏற்றுமதிக் கன்டெய்னரின் கதவுக்குச் சீல் வைப்பது, அதாவது வெட்டினால் மட்டுமே திறக்கும் எண்ணிட்ட பூட்டைப் போடுவது, ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் செய்த பிழையால் எங்கள் சரக்கு துறைமுக வாயிலிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தது; பிடிக்க வேண்டிய கப்பலும் போய்விட்டது. இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

அன்று காலை வந்த காலி 20 அடி கன்டெய்னரை நாங்களே ஏற்க மறுத்தோம். முன்சுவர், இரு பக்கச் சுவர்கள், தரை, கூரை, அடிப்பகுதி எல்லாம் சரியாக இருந்தன. உள்நீளம் 5.9 மீட்டருக்குக் குறையவில்லை என்பதால் பின்னால் எதையாவது மறைத்து வைக்கும் போலிச் சுவர் பற்றிய சந்தேகமும் இல்லை. கதவை மூடிக்கொண்டு உள்ளே நின்றபோது எங்கும் வெளிச்சம் கசியவில்லை. சிக்கல், சோதிக்க வேண்டிய ஏழு இடங்களில் கடைசியான கதவில் இருந்தது. இடக் கதவின் கைப்பிடித் தாங்கியில் தலை மழுங்கிய பழைய ரிவெட்டுகள் இருக்க, சீல் விழும் வலக் கதவில் மட்டும் அவற்றின் இடத்தில் நட்டும் போல்ட்டும் போட்டு மேலே பெயிண்ட் பூசியிருந்தார்கள். விரல் வைத்தால் பெயிண்ட் ஒட்டியது. ஒரு ஸ்பேனர் இருந்தால் சீலைத் தொடாமலேயே அந்தக் கதவைத் திறந்து மூடிவிடலாம். ஓட்டுநர் கோபப்பட்டார், அரை நாளும் போயிற்று. ஆனாலும் அந்த முடிவில் எனக்கு வருத்தமே இல்லை.

மாற்றுக் கன்டெய்னர் சோதனையில் தேறியது. சரக்கு ஏற்றி முடிக்க இரவாகிவிட்டது. அவசரம் அங்கேதான் எங்களைக் கவிழ்த்தது. போல்ட் சீலுக்கு ஆணி, பூட்டுக் குமிழ் என இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். மேசையில் பிரித்து வைத்திருந்த இரண்டு சீல்களில் ஒன்றின் ஆணியும் மற்றொன்றின் குமிழும் எங்கள் கைக்கு வந்துவிட்டன. நான் ஆணியின் எண்ணைப் பார்த்து ஆவணங்களில் எழுதினேன். அது 41 என்று முடிந்தது. குமிழில் இருந்ததோ 47. இழுத்துப் பார்த்தோம், முறுக்கிப் பார்த்தோம், பூட்டு உறுதியாகவே இருந்தது. குமிழைப் படிக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

துறைமுக வாயிலில் இருந்த ஊழியர் முதலில் படித்ததே குமிழைத்தான். எண் பொருந்தாத வண்டியை அவர் திருப்பியது சரியே. ஆனால் திருத்தத்துக்கு என்ன தாள் வேண்டும் என்று மூன்று முறை கேட்டும் "வண்டியை எடுங்கள்" என்பதைத் தவிர அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் இரண்டாவது பயணம் மிச்சமாகியிருக்கும். பழைய சீலை வெட்டிப் புதியது பூட்டி மறுநாள் போனபோது, திருத்திய ஆவணங்களில் புதிய எண் மட்டுமே இருந்தது. முதல் சீலை யார், எப்போது, எதற்காக வெட்டினார்கள் என்ற பதிவு இல்லையென்று மீண்டும் திருப்பிவிட்டார்கள்.

ஆகவே, சீலை வெட்ட நேர்ந்தால் ஓட்டுநரை வழியில் வெட்டவிடாதீர்கள். பொறுப்பாளர் ஒருவரும் சாட்சி ஒருவரும் இருக்கும்போதே வெட்டுங்கள். கதவைத் திறந்ததும் சரக்கைப் படமெடுங்கள். பழைய எண், புதிய எண், காரணம், நேரம், கையெழுத்துகள் எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். கப்பல் நிறுவனத்துக்கும் உடனே தெரிவித்துவிடுங்கள். புதிய சீலில், கன்டெய்னர் சீல்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17712-இன் உயர்பாதுகாப்பு வகையைக் குறிக்கும் ‘எச்’ எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். சீலைப் பூட்டிய பிறகே, அதைப் பார்த்தே எண்ணை எழுத வேண்டும்: ஒருவர் ஆணியையும் குமிழையும் உரக்கப் படிக்க, இன்னொருவர் எழுதட்டும். சீல் பெட்டி இப்போது எங்களிடம் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு சீல்தான் வெளியே வரும்.

மூன்றாம் முறை அதே ஊழியர் இரு பகுதிகளையும் படித்து, கடிதத்தையும் ஒப்பிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் வண்டியை உள்ளே விட்டார். சரக்கு அடுத்த கப்பலில் ஏறியது. வெட்டிய ஆணியும் குமிழும் கடிதத்தின் நகலோடு ஒரே உறையில் எங்கள் கோப்பில் இருக்கின்றன.