நம்மவர் இல்லாத ஊர்

நேற்று இரவு அக்கா வீட்டில் நடந்த சண்டைக்குப் பிரான்ஸ்தான் காரணம் என்றால் நம்புவீர்களா? சத்தம் மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலம் வரை கேட்டிருக்கும். பாலத்தில் காற்று வாங்க வந்தவர்கள் சீதனப் பிரச்சினை என்று நினைத்திருப்பார்கள்.

அக்காவின் சின்ன மகள், எங்கள் சின்னவள், பிரெஞ்சு படிக்கப் போவது பழைய செய்தி. பிரான்ஸில் பட்டப்படிப்புக்குப் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் பி2 தரம் கேட்கிறார்கள், அவள் கையில் இருப்பது அதற்கு ஒரு படி கீழான பி1. மீதியை அங்கேயே போய், அந்தச் சனங்களோடு வாழ்ந்து, பேசிப் பழகி எடுப்பது என்று முடிவு. அதுவரை எல்லோருக்கும் சம்மதம். எந்த ஊர் என்று கேட்டபோதுதான் வினை தொடங்கியது.

அத்தானின் தம்பி பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் பக்கத்தில் இருக்கிறார் அல்லவா? அறை இருக்கிறது, சோறு இருக்கிறது, மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணித்தியாலம் வேலை செய்யலாம், அத்தனையையும் தெரிந்தவர் கடையில் கறிவேப்பிலை கட்டியே முடித்துவிடலாம் என்று அவர் தொலைபேசியிலேயே வாழ்க்கையை ஒழுங்குபடுத்தித் தந்தார். சின்னவள் ஒரே சொல்லில் மறுத்துவிட்டாள். "லாச்சப்பலுக்குப் போக விமானம் எதற்கு? களுவாஞ்சிகுடிக்கு பஸ் இருக்கிறதே."

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளையார் தேருக்குத் தேங்காய் உடைபடும் தெருவில் இறங்கி, தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கி, தமிழில் விலை பேசி, தமிழில் சண்டை பிடித்து வீடு திரும்புகிறவளுக்குப் பிரெஞ்சு எந்த வழியால் வரும்? சித்தப்பாவே அதற்கு வாழும் சாட்சி. அத்தனை வருடங்களுக்குப் பிறகும் அவருடைய பிரெஞ்சு வணக்கத்தில் தொடங்கி நன்றியில் முடிகிறது. நடுவில் இருப்பதெல்லாம் தமிழ்தான்.

அவள் தேர்ந்தெடுத்தது பெசான்சோன். பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், சுவிஸ் எல்லைக்குக் கிட்ட இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த மொழி நிலையம் 1958 இலிருந்து வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு கற்பிக்கிறது. அம்மாவை மடக்குவதற்காக, "அம்மம்மா, அது நம் புளியந்தீவு மாதிரித்தான். டூ என்ற ஆறு பழைய நகரத்தை வளைத்துக்கொண்டு ஓடுகிறது, மேலே கோட்டையும் இருக்கிறது" என்றாள். அம்மா சற்று யோசித்துவிட்டு, "நம் வாவியில் போல அங்கே மீன் பாடுமா?" என்று கேட்டார். பாடாது என்றதும் அந்த ஊரின் மதிப்பு பாதியாகிவிட்டது.

அத்தானின் ஆட்சேபம் கணக்கு வழியாக வந்தது. ஓய்வு பெற்றாலும் கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான். பிரெஞ்சில் தொண்ணூற்றேழு என்பதை நான்கு இருபதும் பதினேழும் என்று சொல்வார்கள் என அறிந்த நாளிலிருந்து அந்த இனத்தின் மீது அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. சுவிஸ்காரர்கள் பிரெஞ்சு பேசினாலும் தொண்ணூறுக்குத் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள் என்று சின்னவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "அப்படியானால் சுவிஸுக்கே போ. புத்தியுள்ள சனம். நம்மவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றார் அத்தான்.

நம்மவர்கள் இருக்கக்கூடாது என்பதுதான் அவள் கட்சி. அதை விளக்கக் கனடாவை இழுத்தாள். 1965 இல் கியூபெக்கின் சென் லம்பேரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் கேட்டுக்கொண்டதால் பாலர் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் பிரெஞ்சிலேயே கற்பித்தார்களாம். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கனடாவா? நம் தம்பியப்பாவின் மகன் அங்கேதானே இருக்கிறான்?"

எனக்கு வேறொன்று தோன்றியது. 1890களில் பிரெஞ்சு யேசு சபைக் குருமார் மட்டக்களப்புக்கு வந்தபோது அவர்களை வரவேற்க இங்கே எந்தச் சித்தப்பா இருந்தார்? வாவிக்கரையில் வேர்த்து வழிந்து, சனங்களிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் பழகிப் பிரசங்கமும் வைத்தார்கள். இதைச் சொல்லிச் சின்னவளுக்குப் பக்கபலமாக நிற்போம் என்று வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு" என்றார் அக்கா. இந்த வீட்டில் என் பேச்சுரிமையின் எல்லை அதுதான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, அம்மா சத்தமில்லாமல் தொலைபேசியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போயிருக்கிறார். களுவாஞ்சிகுடி மச்சாளிடம் தொடங்கி, அவர் மருமகள் வழியாக லண்டன், லண்டனிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க். உளவுத்துறைகள் கொக்கட்டிச்சோலைக்கு வந்து பயிற்சி எடுக்கலாம். பாயாசம் ஆறுவதற்குள் முடிவு வந்துவிட்டது. பெசான்சோனில் ஒரு செங்கலடிக்காரி இருக்கிறார்!

"நம்மவர் இல்லாத ஊர் என்றாயே?" என்று தொலைபேசியை நீட்டினார் அம்மா. நான் மேலே சொன்ன சத்தம் அப்போது எழுந்ததுதான். தன்னை விட்டுவிடும்படி அந்தப் பெண்ணிடம் நேரடியாகச் சொல்லப்போவதாக அறிவித்துவிட்டு, சின்னவள் தொலைபேசியைப் பறித்துக்கொண்டு விறாந்தைக்குப் போனாள்.

போனவள் திரும்பி வரவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து எட்டிப் பார்த்தேன். படியில் உட்கார்ந்து, வாவியில் காற்று எப்படி இருக்கிறது, இம்முறை மாமாங்கத் தீர்த்தத்துக்கு எவ்வளவு சனம், செங்கலடிச் சந்தியில் எந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது எந்தக் கடை என்று கதைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் சொல்வார்களாம். புருஷன் வேலைக்குப் போனால் தமிழ் கதைக்கச் சுவர்தான் இருக்கிறதாம். "வைத்துவிடாதே மகள், இன்னும் கொஞ்சம் கதை" என்று கேட்டாராம். எப்படி வைப்பது என்று என்னிடமே கேட்டாள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. கிழமை நாட்களில் அவர் இவளோடு பிரெஞ்சு மட்டும் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை இவள் அவரோடு தமிழ் மட்டும் பேச வேண்டும். கூலியாகக் கருவாடு.

அந்தக் கருவாடுதான் இப்போதைய பிரச்சினை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாலுணவும் கொண்டுபோகக்கூடாது, மீன் வகை என்றால் ஒருவர் 20 கிலோ வரை கொண்டுபோகலாம் என்று அத்தான் சட்டம் தேடிப் படித்துக் காட்டினார். அம்மா அதை அரசாங்கக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். இன்று காலை பார்த்தால் பிரெஞ்சு அகராதியும் இலக்கணப் புத்தகங்களும் கட்டிலில் கிடக்கின்றன. பெட்டிக்குள் நாவலடிக் கருவாடு, நாலு சுற்றுப் பொலித்தீனில். "அகராதி அங்கேயும் விற்பார்கள்தானே" என்கிறார் அக்கா.

சின்னவள் இன்னும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அவள் பார்க்கிற நேரத்தில் எனக்கு வாழைச்சேனையில் அவசர வேலை இருக்கிறது.