முழுமரத் துவக்கை மரம் கழற்றாமல் மதிப்பிடாதீர்கள்

வாய்முனை வரை மரம் போர்த்திய பழைய வேட்டைத் துவக்கு கையில் வந்ததும் எல்லோருடைய கண்ணும் மரத்தில்தான் நிற்கும். வால்நட் மரத்தின் வரி, பல கைகள் பட்டு ஏறிய மினுக்கம், கரண்டிக் காம்பு போல் தட்டையான போல்ட் கைப்பிடி என்று எல்லாமே அழகு. ஆனால் திருகோணமலையில் அந்த மரமே பெரிய மறைப்பும்கூட. அரைமரத் துவக்கில் குழலின் முன்பாதி வெளியே தெரியும். துடைக்கும்போது துணி அதில் படும். முழுமரத் துவக்கில் குழலின் அடிப்பக்கம் முழுக்க, அதற்காக மரத்தில் குடைந்த மரக்காலுக்குள் கிடக்கும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு அங்கே போய்த் தங்கும், மாரிக்கு ஈரம் இழுக்கும். மேலே நீலம் (இரும்புக்கு ஏற்றும் கருநீல மேற்பூச்சு) கெடாமல் பளபளக்கும் குழல், மரக்கோட்டுக்கு அரை மில்லிமீற்றர் கீழே கறள் தின்று குழிவிழுந்திருப்பது இந்தக் கரையில் சாதாரணம்.

கையில் எடுப்பதற்கு முன் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அனுமதி ஆண்டுதோறும் டிசம்பர் 31உடன் முடியும், புதுப்பிக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள இலக்கமும் துவக்கில் வெட்டியுள்ள இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். ‘தாத்தாவுடையது, பழம்பொருள்தானே’ என்ற பேச்சில் இறங்க வேண்டாம். மான், மரை எல்லாம் பாதுகாக்கப்பட்ட விலங்குகள் என்பதையும் மறக்கக்கூடாது. இன்று இந்த வகைத் துவக்கின் பெறுமதி அதன் வேலைப்பாட்டிலும் வரலாற்றிலும்தான் இருக்கிறது.

இந்த வகையில் தலையாயது ஒஸ்திரியாவின் ஸ்டையர் நகரில் செய்த மன்லிகர்-ஷோனவர். 1903 மாதிரி 6.5×54 தோட்டாவுக்கானது (முதல் எண் சன்னத்தின் விட்டம், அடுத்தது கோதின் நீளம், மில்லிமீற்றரில்), குழல் 45 சென்ரிமீற்றர்தான். அதன்பின் 1905இல் 9×56, 1908இல் 8×56, 1910இல் 9.5×57 என்று வந்தன. இந்தக் குடும்பத்தின் உற்பத்தி 1972 வரை நடந்தது. மௌசர் போல்ட்டில் செய்த ஜேர்மன் முழுமரத் துவக்குகளும் செக் நாட்டு பிறுனோ 22உம் இதே உருவில் வந்தவை. மரம், கறள் பற்றிக் கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும். தோட்டாக்கூடு பற்றிச் சொல்வது மன்லிகருக்கு மட்டும்.

முதல் வேலை, துவக்கு வெறுமையா என்று பார்ப்பது. தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைத் திறந்து, கண்ணால் பார்த்தபின் சுண்டுவிரலையும் தோட்டா அறைக்குள் விட்டுத் தடவுங்கள். பிறகு போல்ட்டை வெளியே எடுங்கள். மன்லிகர் போல்ட்டின் தலை தனித்துண்டு. வெடித்த தோட்டாவின் வெற்றுக் கோதை இழுக்கும் கொக்கி அதில்தான் இருக்கிறது. சுத்தம் செய்யக் கழற்றி வைத்த இடத்தில் தொலைத்துவிட்டு, வேறு துவக்கின் தலையைப் பொருத்தியவர்கள் உண்டு. குழல், இரும்புக்கூடு (போல்ட் ஓடும் பகுதி), போல்ட் மூன்றிலும் இலக்கம் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் விலை குறையும். அதைவிட முக்கியமாக, தோட்டா அறைக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடைவெளியை அளவுகோல் வைத்துச் சரிபார்க்கும் வரை சுடக்கூடாது. போல்ட்டின் முன்புறத்துப் பூட்டுக் காதுகள் இரண்டின் பின்முகத்திலும் தேய்ந்த மினுக்கம் சமமாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மினுங்கினால் சுமை முழுவதையும் அதுவே தாங்குகிறது.

தோட்டாக்கூடு ஒரு சுழலும் உருளை. ஐந்து தோட்டாக்கள் அதன் பள்ளங்களில் தனித்தனியே படுத்திருக்கும். இதன் இதமான ஓட்டத்துக்காகவே மன்லிகரை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் பள்ளங்கள் ஒரே ஒரு தோட்டாவின் நீளத்துக்கும் தடிப்புக்கும் வெட்டியவை. குழலை மாற்றி வேறு தோட்டாவுக்கு ஆக்கிய மன்லிகர் நாலாவது ஐந்தாவது தோட்டாவில் திக்கும். அந்த ஓட்டத்தைத் திருத்த யாராலும் எளிதில் முடியாது. மருந்தும் முனைத்தொப்பியும் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாத மாதிரித் தோட்டா ஐந்தைப் போட்டு, ஒருமுறை மெதுவாக, ஒருமுறை வேகமாக ஓட்டிப் பாருங்கள். பிறகு இரும்புக்கூட்டு உட்சுவரின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் மிச்சத் தோட்டாக்கள் எல்லாம் மேலே எழும்பி வரவேண்டும். உருளையைக் கழற்ற, அடித்தட்டின் துளையில் சன்னத்தின் நுனியை வைத்து அழுத்தித் தட்டைத் திருப்பினால் போதும். உள்ளே காய்ந்த எண்ணெய் பிசினாக ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவிடுங்கள்.

இரட்டை விசை இருந்தால் பின்விசை இழுபடும்போது ‘டிக்’ என்று கொளுவும், முன்விசை தொட்டாலே விடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சின்னத் திருகாணி அந்தத் தொடுகையின் இலேசை அமைக்கும். அதை அளவுக்கு மீறி இலேசாக்கி வைத்திருப்பது அடிக்கடி காணும் பிழை. சோதனை இதுதான்: வெறும் துவக்கில் பின்விசையைக் கொளுவி, சோங்கை (தோளில் வைக்கும் பின்மரத்தை) றப்பர் பாயில் நாலைந்து தடவை தட்டுங்கள். தானாக விடுபட்டால் திருகாணியைச் சற்றுத் திருப்பி இறுக்கமாக்க வேண்டும். அப்படியும் விடுபட்டால் விசையின் கொக்கி தேய்ந்துவிட்டது. கொளுவிய விசையைத் தளர்த்த, போல்ட்டை முதலில் திறந்துவிட்டுப் பின்விசையை இறுக்கிப் பிடித்தபடி முன்விசையை இழுத்து, பின்விசையை மெதுவாக விடவேண்டும்.

தோட்டாவின் பெயரில் ஒரு பொறி உண்டு. ஆங்கிலேயக் கடைக்காரர்கள் ‘.256 மன்லிகர்’ என்ற ஒரே பெயரை விளிம்புள்ள 6.5×53க்கும் விளிம்பில்லாத 6.5×54க்கும் வழங்கினார்கள். 6.5×54 மௌசர் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. குழலில் வெட்டியிருக்கும் எழுத்தை மட்டும் நம்பாமல் தோட்டா அறையின் வார்ப்பை எடுத்து வேர்னியரால் அளப்பதுதான் தீர்வு. இதற்கென்று உள்ள, கொதிநீர்ச் சூட்டுக்குக் கீழேயே உருகும் கலவை உலோகம் நல்லது. வார்த்து ஒரு மணித்தியாலம் கழித்து அளக்கவேண்டும்.

குழலின் உள்ளே இரண்டு கேடுகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். தோட்டா அறைக்கு முன்னால் இரண்டு மூன்று அங்குலத்துக்கு, சன்னத்தைச் சுழற்றும் வரிப்பள்ளங்களின் ஓரம் மழுங்கிக் கரடாக இருந்தால் அது கோர்டைட் என்ற பழைய வெடிமருந்தின் சூட்டு அரிப்பு. குழல் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் அது பழைய முனைத்தொப்பியின் உப்பு. அந்தத் தொப்பியில் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. எரிந்தபின் பொட்டாசியம் குளோரைட்டு மிஞ்சும். அது நம் சமையலுப்பின் உடன்பிறப்பு, ஈரத்தை இழுக்கும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் பூசி வைத்தவர்கள் அந்த உப்பை மூடிப் பாதுகாத்தார்களே தவிர நீக்கவில்லை. கொதிநீர்தான் மருந்து. முழுமரத் துவக்கில் நீரை நேரே ஊற்றினால் மரத்துக்குள் இறங்கும். தோட்டா அறைக்குள் றப்பர்க் குழாயை இறுக்கி, வாயைக் கீழே பிடித்து ஒரு லீற்றர் விட்டு, சூடு ஆறுமுன் உலர்ந்த துணியால் நாலைந்து தடவை இழுத்தபின் எண்ணெய் பூசுங்கள்.

மிருதுவான ஈயக்குண்டைக் குழலில் தட்டி இறக்கி அளந்தால் பள்ளத்தின் விட்டம் தெரியும். 6.5க்குக் கணக்கு 6.70 மில்லிமீற்றர் அளவு. 6.80ஐத் தாண்டினால் இன்றைய சன்னம் தளர்ந்தே போகும், குறி சிதறும். இந்தக் குழல் 10.3 கிராம் எடையுள்ள உருண்டைமுனைச் சன்னத்துக்கென்று 200 மில்லிமீற்றருக்கு ஒரு சுற்றாக முறுக்கியது. இலேசான கூர்முனைச் சன்னம் வரிப்பள்ளத்தைத் தொடுமுன் வெறும் இடைவெளி ஒன்றைத் தாவவேண்டும். அதில் துல்லியம் கெடும். இந்த நீண்ட சன்னத்தின் ஊடுருவலால்தான் பேர்போன வேட்டைக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் ஆபிரிக்காவில் 6.5இனாலும் யானை சுட்டார். அவர் பெயரைச் சொல்லி விலை ஏற்றுகிறவர்களிடம் குழல் அளவைக் கேளுங்கள்.

இனி மரம். விற்பவர் கழற்ற விடாவிட்டால் திரும்பி வாருங்கள். திருகாணிக் காடிக்குச் சரியாகப் பொருந்தும் பக்கம் ஒடுங்காத ஸ்குறூ டிறைவர் வேண்டும். கடையில் விற்கும் ஆப்பு முனை காடியைக் கிழித்துவிடும். கிழிந்த காடி ஏற்கெனவே இருந்தால் யாரோ தெரியாமல் கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். கழற்றுமுன் ஒவ்வொரு காடியும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வாய்முனை இரும்பு மூடி, பிறகு தோள்வார் வளையம், கடைசியில் அடியிலுள்ள இரண்டு பெரிய திருகாணிகள். குழலை நேராக மேலே தூக்குங்கள். முறுக்கினால் இரு பக்கமும் கடதாசி போல் ஒடுங்கிய மரக்கரை பிளந்துவிடும்.

குழலின் அடியை எண்ணெய்த் துணியால் துடைத்து, நகத்தால் வருடுங்கள். நகம் தடக்காத செந்தூள் எண்ணெயிலும் மிக மெல்லிய இரும்புப் பஞ்சிலும் போய்விடும். நகம் விழும் குழி போகாது; தோட்டா அறையைச் சுற்றி அப்படியிருந்தால் சுடும் துவக்காக அதை எண்ணாதீர்கள். மரக்காலில் கறுத்த கோடு இருந்தால் அங்கே நீர் நின்றிருக்கிறது. இரும்புக்கூட்டின் வால் பதியும் இடத்தில் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு தபாலட்டையின் தடிப்பளவு இடைவெளி வேண்டும். முட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு வெடியிலும் வால் ஆப்பாகி, கை பிடிக்கும் ஒடுங்கிய மரமான மணிக்கட்டுப் பகுதியைப் பிளக்கும். அந்தப் பகுதி எண்ணெய் குடித்துக் கறுத்து மெதுமெதுவென்று இருந்தால் சோக்குத்தூளை அசற்றோனில் குழைத்து அப்பி, உலர உலர மாற்றவேண்டும்; நாலைந்து முறையில் பெரும்பாலும் வெளியே வரும். வால்நட்டுக்குப் பதிலாக முதிரையில் செதுக்கிய மாற்று மரம் உறுதியானது, ஆனால் பாரமும் கூடும், மூலப்பெறுமதியும் போய்விடும்.

மரத்தைத் திரும்பப் பூட்டும்போது ஒரு சோதனை. வாய்முனை மூடியின் திருகாணியைக் கடைசி அரைச்சுற்றுக்கு இறுக்கும்போது ஒரு விரலைக் குழலும் மரமும் சேரும் கோட்டில் வையுங்கள். குழல் அசைவது விரலுக்குத் தெரிந்தால் மரம் அதை வளைக்கிறது. இதே துவக்கு நவம்பர் மாரியில் மரம் ஊதியிருக்கும்போது ஒரு பக்கமும், ஆடிமாதக் கச்சான் காற்றில் மரம் சுருங்கும்போது இன்னொரு பக்கமும் சுடும். கந்தளாயை விட நிலாவெளி உப்பளப் பக்கம் இதன் ஆட்டம் கூட இருக்கும். தீர்வாகக் குழலைச் சுற்றி மரத்தை அகலமாகச் சீவிவிடுகிறார்கள். அது இந்த வகைக்கு ஒத்துவராது. வாய்முனையில் இரு பக்கமும் சமமாகத் தொடுகிற அளவுக்கு, உராயும் இடத்தை மட்டும் மெல்ல எடுத்து, வெட்டிய மரத்தை ஆளிவிதை எண்ணெயால் அடைத்துவிடுவதே சரி.

கறளைப் பார்த்துப் பயந்து சூடான இரசாயனத் தொட்டியில் புது நீலம் ஏற்றுவது இரண்டாவது பாவம். ஈயத்தால் ஒட்டிய குறித்தாங்கி அதில் விட்டுப்போகும், இலக்கங்களும் மழுங்கும். தொலைநோக்கிக்காகப் பக்கவாட்டில் துளையிட்டிருந்தாலும் அப்படியே. இந்த இரும்புக்கூட்டின் மேற்பாலம் போல்ட் கைப்பிடிக்காகப் பிளந்திருப்பதால் தொலைநோக்கி பூட்டுவதே தொல்லை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே பூட்டிய கொளுவித் தாங்கி இருந்தால் மட்டும் விலை ஏறும். இங்கிலாந்து வழியாக வந்த துவக்கில் 1925க்குப் பிந்திய ‘ஆங்கிலத் தயாரிப்பல்ல’ என்ற முத்திரையைக் காணலாம். வந்த வழியைச் சொல்லும் நல்ல சாட்சி அது. சோங்கின் அடித்தட்டிலுள்ள சின்னக் கதவையும் திறந்து பாருங்கள், உள்ளே துண்டு துண்டான சுத்தக் கம்பி முழுதாக இருந்தால் அதுவே தனிப் பெறுமதி.

வைத்துக் காப்பதற்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம். காறிப் பிசினாகி விசைக்குள் ஒட்டும், பித்தளையில் பச்சை பிடிக்கும். கனிம எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசி, குழலின் அடிப்பக்கத்தில் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை, மாரி தொடங்குமுன் புரட்டாசியில், கழற்றி மெழுகு தேயுங்கள். தோலுறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். பதனிட்ட தோல் ஈரத்தையும் அமிலத்தையும் இரும்போடு சேர்த்துவைக்கும். பூட்டுள்ள இரும்பு அலுமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அரைக்கிலோ போட்டு, நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்துங்கள். துவக்கை வாய் கீழ்நோக்க நிறுத்தி, முனைக்கடியில் ஒரு றப்பர்த் துண்டு வையுங்கள். எண்ணெய் சோங்குமரத்துக்குள் இறங்காமல் முன்னே வடியும்.