மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்

புறநோயாளிச் சீட்டில் ‘டைப் 2’ சர்க்கரை நோய் என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு யாரும் அதைக் கிளறுவதில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ஏறினால் ஒரு மாத்திரையைக் கூட்டுவோம். மூன்று மாத்திரைக்கும் அடங்காவிட்டால் ‘வாயைக் கட்டுவதில்லை’ என்று நோயாளியின் தலையில் பழியைப் போடுவோம். பல நேரங்களில் கோளாறு நாம் எழுதிய பெயரில்தான் இருக்கும்.

முப்பத்தைந்து, நாற்பது வயது, ஒல்லியான உடம்பு, மாத்திரை தொடங்கியும் எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றால் காட் ஆன்டிபாடியும் (கணையத்தை உடலே தாக்குவதைக் காட்டும் ரத்தச் சோதனை) சி-பெப்டைடும் (கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் அளவு) பார்த்துவிட வேண்டும். ஆன்டிபாடி பாசிட்டிவாக வந்து கணையச் சுரப்பும் வற்றியிருந்தால் கணையத்தைத் தூண்டும் கிளிமிபிரைடு மாத்திரையை ஏற்றிப் பயனில்லை, இன்சுலின்தான். இவர்களுக்குச் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையை எழுதுவது வம்பு. கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறி வாந்தியும் மூச்சிரைப்புமாக வருவார்கள். குளுக்கோமீட்டரோ 200-க்குள் காட்டும். ‘சுகர் நார்மல்தானே’ என்று கேஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை அழற்சி) ஊசி போட்டு அனுப்பிவிடும் ஆபத்து இங்கேதான். மீட்டர் என்ன காட்டினாலும் கீட்டோன் பார்க்க வேண்டும்.

சி-பெப்டைடு முடிவை வெறும் எண்ணாகப் படித்தால் ஏமாற்றிவிடும். அதே ரத்தத்தில் குளுக்கோஸும் பார்த்திருக்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்திருக்கும்போது நல்ல கணையமும் சுரப்பை அடக்கிக்கொள்ளும். வாரக்கணக்கில் 400-இல் கிடந்தவருக்குக் கணையம் களைத்துப்போய், அளவு பொய்யாகக் குறைந்து வரும். சில வாரங்கள் இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கிவிட்டு மறுபடி எடுப்பதே நல்லது. சி-பெப்டைடு சிறுநீரகம் வழியாகக் கழிவதால், சிறுநீரகம் பழுதாகிக் கிரியாட்டினின் ஏறியவரிடம் கூடுதலாகக் காட்டும். இத்தனையும் சரிபார்த்த பிறகும் மில்லிலிட்டருக்கு 0.6 நானோகிராமுக்குக் கீழே என்றால் சுரப்பு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

2018-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பெரியவர்களின் சர்க்கரை நோயை ஐந்து கூட்டமாகப் பிரித்தார்கள். அன்றாட ஓ.பி.யில் ஒவ்வொருவரையும் அந்தக் கட்டத்தில் அடைப்பது சிரமம். காலப்போக்கில் ஒருவர் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் உண்டு. ஆனாலும் ஒன்று உதவும்: இன்சுலினுக்கு உடல் மசியாத கூட்டத்தில் சிறுநீரகம் முந்திக் கெடுகிறது, சுரப்பு குறைந்த கூட்டத்தில் விழித்திரை. சிறுநீர் ஆல்புமின், விழித்திரைப் பரிசோதனை இரண்டுமே எல்லோருக்கும் வேண்டும். யாருக்கு எதைத் தள்ளிப்போடவே கூடாது என்பது இதிலிருந்து தெரியும்.

இன்சுலின் இல்லாமல் முடியாதவர்களுக்கு நேரெதிர், குளுக்கோகைனேஸ் மரபணு மாற்றத்தால் வரும் மோடி (MODY) எனும் பரம்பரைச் சர்க்கரை நோய் வகை. வெறும் வயிற்றில் 100-இலிருந்து 145-க்குள், எச்பிஏ1சி பெரும்பாலும் 7.5-க்குள், வருடக்கணக்கில் அசையாமல் நிற்கும். பெற்றோரில் ஒருவருக்கும் இதே கதை இருக்கும். மரபணுச் சோதனையில் உறுதியானால், கர்ப்பகாலம் தவிர மருந்தே வேண்டாம். ஏற்கெனவே விழுங்கிவரும் மாத்திரைகளை நிறுத்தினாலும் எச்பிஏ1சி அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கும்.