செஞ்சி மலையில் ஒரு குடம் தண்ணீர்

செஞ்சிக் கோட்டை என்றால், தேசிங்கு ராஜனும் அவனுடைய குதிரையும்தான் எனக்குச் சிறுவயது முதல் நினைவுக்கு வருவது வழக்கம். ஆனால் சென்ற மார்கழியில் அக்காள் மகனை அழைத்துக்கொண்டு ராஜகிரியில் ஏறியபோது, கொண்டுபோன தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிட, "மாமா, இங்க இருந்தவங்க தண்ணிக்கு என்ன பண்ணாங்க?" என்று அவன் கேட்டான். அதன்பிறகு நான் கோட்டையைப் பார்த்த பார்வையே வேறாகிவிட்டது.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கும் இக்கோட்டை, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் வளைத்துக் கட்டப்பட்டது. கோனார்கள் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் கோட்டையைப் பெரிதாக்கியவர்கள் விஜயநகரத்தின் கீழ் ஆண்ட நாயக்கர்கள். பின்னர் பீஜப்பூர் சுல்தானின் படையும், 1677-இல் சிவாஜியும் இதைக் கைப்பற்றினர். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. உச்சிக்குச் சற்று முன்னே ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு பாறையை இரண்டாக அறுத்துக் கிடக்கிறது. அதன்மேல் போட்டிருந்த பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் அக்கரையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

ஆயினும் வெறும் பாறையும் பிளவும் ஒரு படையை எட்டு ஆண்டுகள் காப்பாற்றிவிட முடியாது. சிவாஜியின் மகன் சம்பாஜி 1689-இல் கொல்லப்பட்டபின் அவருடைய தம்பி ராஜாராம் இங்கு வந்து அடைக்கலம் புக, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிவுக்கு வந்தது. இடையில், மராட்டியத் தளபதிகளான சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் படைகள் வெளியிலிருந்து வந்து சூழ்ந்துகொண்டதால், முற்றுகையிட்டவர்களே தானியமின்றிப் பட்டினி கிடந்து வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. உள்ளே இருந்தவர்களுக்கோ களஞ்சியமும் இருந்தது, நீரும் இருந்தது.

அந்த நீரைத்தான் அன்று முழுவதும் தேடிக்கொண்டு நடந்தோம். அடிவாரத்தில் ஆனைக்குளம், சற்றுத் தள்ளிச் சக்கரகுளம், செட்டிகுளம். மேலே பாறையில் ஊறும் சுனைகள், மழைநீரைத் தேக்கி வைத்த தொட்டிகள். கல்யாண மகாலில், நடுமுற்றத்தில் எழும் பல அடுக்குக் கோபுரத்தின் மேல்தளங்களுக்குச் சுடுமண் குழாய்கள் வழியே தண்ணீர் சென்றிருக்கிறது என்பதை அறிந்ததும், பையன் சுவர் சுவராகக் கையை வைத்துக் குழாயின் தடம் தேடத் தொடங்கிவிட்டான். களஞ்சியத்தின் பருத்த சுவர்களும் வளைகூரையும் என்னைக் கவர்ந்த அளவுக்கு அவனைக் கவரவில்லை. அங்கே நெல் இல்லையே என்பதுதான் அவனுடைய குறை.

உச்சியில் நின்று பார்த்தால் வயல்களும் ஏரிகளும் தட்டில் பரப்பியதுபோல் தெரிகின்றன. அங்கேயே சிறிய அரங்கநாதர் கோயிலும் உண்டு. என் தின்பண்டப் பொட்டலத்தைக் குரங்கொன்று பறித்துச் சென்றது அதன் வாசலில்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. நாயக்கர்கள் எழுப்பியதை மராட்டியர் பெயரில் அங்கீகரித்திருப்பது எனக்குச் சிறிது விந்தையாகத்தான் படுகிறது.

இறங்கி வந்து செட்டிகுளத்தின் கரையில் அமர்ந்தோம். ஆற்காட்டு நவாபின் படையோடு 1714-இல் மோதி இளவயதிலேயே மாண்ட தேசிங்குக்கு எரியூட்டிய இடம் என்று ஒரு மேடையை அங்கே காட்டுகிறார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் அதைத் திரும்பியும் பார்க்காமல் படிகளில் இறங்கி, தண்ணீர் எத்தனையாவது படிவரை நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தான்.