வி.வி. கிரி: முதல் சுற்றில் கிடைக்காத வெற்றி

குடியரசுத் தலைவர் தேர்தலில் முன்னணியில் இருந்தால் மட்டும் போதாது. வாக்களிக்கும் எம்.பி., எம்.எல்.ஏ. ஒவ்வொருவரின் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு; செல்லுபடியான அந்த வாக்கு மதிப்பில் பாதிக்கு மேல் வேண்டும். 1969-ல் மொத்த மதிப்பு 8,36,337; தேவை 4,18,169.

வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசையில் குறிப்பார். சுயேச்சையாக நின்ற கிரிக்கு முதல் விருப்ப வாக்குகள் 4,01,515. காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. யாருக்கும் பாதி இல்லை. கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்கி, அந்தச் சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கோ அவர் கணக்கில் சேர்த்தார்கள். அடுத்த விருப்பம் குறிக்காத சீட்டு அதோடு செத்தது. தேஷ்முக் சீட்டுகளில் பெரும்பங்கு ரெட்டிக்குத்தான் போனது, அப்படியும் எட்டவில்லை. இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தேவைக்கு மேல் வெறும் 1,908!

கட்சி வேட்பாளர் ரெட்டிக்கே வாக்களிக்க வேண்டியதில்லை என்ற பொருளில், 'மனசாட்சிப்படி வாக்களியுங்கள்' என்ற பிரதமர் இந்திராவின் அழைப்பைத்தான் எல்லோரும் பேசுவார்கள். முதல் சுற்று முன்னிலை அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டால் அந்த அழைப்பும் காப்பாற்றியிருக்காது என்பது என் கணிப்பு.

குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்ததும் பொறுப்புத் தலைவராக இருந்த கிரி, போட்டியிடுவதற்காக ஜூலை 20-ல் விலகினார். அவரே வகித்த துணைத் தலைவர் பதவியும் காலி. அதனால் தலைமை நீதிபதி இதயதுல்லா ஆகஸ்ட் 24 வரை பொறுப்பு வகித்தார்.

விலகல் அவருக்குப் புதிதல்ல. வங்கி ஊழியர் தீர்ப்பாய முடிவை அரசு மாற்றியதற்காக 1954-லேயே தொழிலாளர் அமைச்சர் பதவியை உதறியவர். தேர்தலை எதிர்த்த வழக்கிலும், பதவியில் இருந்தபடியே உச்ச நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 1970-ல் வழக்கு தள்ளுபடி.