கொழும்பில ஓவியம் பாக்கப் போய், ஓவியத்துக்குப் பின்னால நடக்கிற வேலையைப் பாத்தது

வெள்ளவத்தையில இருந்து பார்ன்ஸ் பிளேசுக்கு 1,500 ரூபா எண்டார் ஓட்டோக்காரர். மீற்றர் போடுங்கோ எண்டால் மீற்றர் பழுதாம். ஓட்டோ பிடிக்கிற பிக்மீ அப்பில போட்டுப் பாத்தால் அதின்ர அரைவாசி கூட வரேல்ல. யாழ்ப்பாணத்தில இருந்து வந்த பஸ்ஸில இரவு முழுக்க ஏசித் தண்ணி தோளில சொட்டி ஒரு பொட்டு நித்திரை இல்லை, அந்தக் கோலத்தில பையோட நிக்கிற ஆக்களிட்ட இப்பிடிக் கேக்கிறது சரியான அநியாயம். எங்கட சனத்துக்குச் சொல்லுறன், மீற்றர் இல்லாத ஓட்டோவில ஏறவே ஏறாதேங்கோ.

பார்ன்ஸ் பிளேசில இருக்கிறது சபுமல் பவுண்டேஷன். ஓவியர் ஹரி பீரிஸ் இருந்த வீடு, 1974ல பவுண்டேஷன் ஆக்கினவர். 43 குரூப் எண்ட இலங்கை நவீன ஓவியர் குழு ஆக்களின்ர படங்கள் அங்க வீட்டுச் சுவரிலயே தொங்குது, ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல எண்டு. பாக்க அவ்வளவு வடிவு. போறதுக்கு முன்னம் எந்த நாள் திறப்பினம் எண்டு பாத்திட்டுப் போங்கோ.

ஆனால் நான் எழுத வந்தது வேற. தெரிஞ்ச அக்கா ஒராள் கொழும்பில ஒரு ஓவியச் சேகரிப்பில கன்சர்வேட்டரா, அதாவது படங்கள் பழுதாகாமல் காத்துத் திருத்திற ஆளா, வேலை செய்யிறா. இடத்தின்ர பேர் போடவேண்டாம் எண்டு கேட்டவ, பாதுகாப்பு விசயம், நியாயம்தானே. அவ பின்பக்க ஸ்டோரைத் திறந்து காட்டினா பாருங்கோ, அண்டைக்குப் பின்னேரம் போட்டிருந்த பிளான் எல்லாத்தையும் விட்டிட்டு அங்கயே நிண்டிட்டன்.

வெளியில ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல, உள்ளுக்கு 50க்கும் 55க்கும் இடையில. 65, 70ஐத் தாண்டிச்செண்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், கொழும்பில கடற்காத்து உப்பும் சேர்ந்து வரும். அதை விட ஈரப்பதன் ஏறி இறங்கிறதுதான் பெரிய ஆபத்தாம். மரச்சட்டமும் கன்வஸும் ஈரத்தைக் குடிச்சு ஊதும், காஞ்சால் சுருங்கும், மேல இருக்கிற பெயின்ற் அதோட சேர்ந்து இழுபடேலாமல் வெடிச்சு உரியும். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்கெல்லோ? நாங்கள் வேர்த்துக்கொண்டு மெழுகுதிரியோட இருந்த நேரம் இவை ஸ்டோர்க் கதவைத் திறக்கவே இல்லையாம். கதவு பூட்டி, படங்கள் பெட்டிக்குள்ள இருந்தால் உள்ளுக்கு மாற்றம் மெதுவாத்தான் வரும். நாட்டில அவ்வளவு பிரச்சினைக்குள்ளயும் ஆரோ சில பேர் இதைக் காவல் காத்திருக்கினம் எண்டு நினைக்க எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

ஒரு படத்தை வெளிய எடுக்க முதல் கொண்டிஷன் ரிப்போர்ட் எழுதோணும், எங்க கீறல், எங்க கறை, எது பழைய ரிப்பேர் எண்டு படம் பிடிச்சுக் குறிக்கிறது. யுவி (புற ஊதா) லைற் அடிச்சால் பிறகு ஆரும் பூசின பெயின்ற் கருப்பாத் தெரியும். ஊத்தை துடைக்கிறது எதால தெரியுமோ, எச்சிலால! பஞ்சுக் குச்சியை நாக்கில தொட்டுத் தொட்டு ஒரு விரல் அளவு இடமாத் துடைக்கினம், எச்சிலில இருக்கிற என்சைம் ஊத்தையை மெல்லக் கழட்டுமாம். கிழிஞ்ச பேப்பரை ஜப்பான் தாளும் கோதுமைப் பசையும் வச்சு ஒட்டுவினம், ஏனெண்டால் நாளைக்கு இதை விட நல்ல வழி வந்தால் ஈரமாக்கிக் கழட்டலாம். கழட்டேலாத வேலை எதுவும் செய்யக்கூடாது, அதுதான் முதல் சட்டம். எங்கட வீடுகளில தாத்தாவின்ர பழைய போட்டோவை எல்லாம் லமினேற் பண்ணி வச்சிருக்கிறம் எண்டு சொல்ல அக்காவுக்கு முகமே மாறிட்டுது. சூட்டில உருகின பசை பிறகு கழரவே கழராது. தயவுசெய்து லமினேற் பண்ணாதேங்கோ. சாமி அறையில விளக்குப் புகை படுற இடத்தில படங்களை மாட்டவும் வேண்டாம்.

எந்தப் படத்தைக் காட்டுறது எண்டு தெரிஞ்சு கண்காட்சி வைக்கிற கியூரேட்டருக்கும் கன்சர்வேட்டருக்கும் ஓயாத இழுபறி இருக்கு. அவருக்குச் சனம் பாக்கோணும், இவவுக்குப் படம் தப்போணும். பேப்பரில செய்த படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சம்தான் குடுக்கலாம், அதையும் கணக்கு வச்சுக் கொஞ்ச மாதத்தில திருப்பி இருட்டுக்குள்ள வைக்கோணும், வெளிச்சத்தால வந்த சேதம் ஒருநாளும் திரும்பாது. போட்டோக் கலைஞர் லயனல் வெண்ட் 1944ல செத்தாப் பிறகு அவற்ற நெகட்டிவ் எல்லாம் அழிஞ்சு போச்சு, மிஞ்சின பிரிண்டுகள்தான் மிச்சம், அதுகள் மங்கினால் திருப்பி எடுக்கேலாது. இது தெரிஞ்ச பிறகு கலரியள் ஏன் இருட்டா இருக்கு எண்டு ஒருநாளும் குறை சொல்லமாட்டன். என்ர அபிப்பிராயம், வருசத்தில ஒரு நாளாவது இந்தப் பின்பக்கத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குத் திறந்து காட்டோணும். காட்டினால் பத்தில ஒராளாவது இந்த வேலைக்கு வரும்.

சாப்பாடு வெள்ளவத்தையில ஒரு சைவக் கடையில. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைப்பூ வறை, பருப்பு, அப்பளம், ரசம், கேட்கக் கேட்க இன்னும் சோறு போட்டினம். கொழும்பு விலைக்கு அது புண்ணியம்.

அடுத்த நாள் ஓட்டோ இல்லை, 100 பஸ் பிடிச்சுக் காலி றோட்டில கிரெஸ்கற் எண்ட கடைத்தொகுதிக்கு. அங்க நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கு, உள்ளுக்குப் போகக் காசில்லை, விளக்கம் எல்லாம் தமிழிலயும் இருக்கு. 138 பஸ்ஸில போனால் தேசிய அருங்காட்சியகம், 1877ல திறந்தது, பொலன்னறுவையில எடுத்த நடராசர் வெண்கலச் சிலையைக் கட்டாயம் பாருங்கோ. வெண்கலத்துக்கும் ஒரு வருத்தம் வருமாம், உப்பும் ஈரமும் சேர்ந்தால் இளம்பச்சைத் தூளாப் பூத்து உள்ளுக்கு அரிச்சுக்கொண்டே போகும், அக்கா சொல்லித் தந்ததால நான் அந்தச் சிலையைக் கால்மாட்டில இருந்து ஒவ்வொரு இடமாப் பாத்தன்.

பொரளை கோதமி விகாரையில ஜோர்ஜ் கீற் சுவரிலயே வரைஞ்ச ஓவியங்கள் இருக்கு. நேரம் காணாமல் போச்சு, அடுத்த முறை அங்கதான் முதல். விகாரை எண்டபடியால் தோளும் முழங்காலும் மூடின உடுப்போட போங்கோ.